மாணவர்கள் நடத்தும் கடல் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பணிக்குச் சிறு நிதியுதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் பள்ளி, கல்லூரி மாணவர் குழுக்கள் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது உடனிருந்து உதவி வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆராய்ச்சி நிதி பற்றி இதில் எதுவும் இல்லை. ஊரிலும் பள்ளியிலும் கடலைப் பற்றிப் பேசவும் கேட்கவும் கிடைக்கும் சிறிய தொகைகளைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறேன்.

சிறு நிதி என்றால் எவ்வளவு? அதை வைத்து என்ன செய்துவிட முடியும்?

சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி ஓரிரு லட்சம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகையில் பவளத்திட்டை மீட்க முடியாது, அலையாத்திக் காடு வளர்க்க முடியாது. ஆனால் ஒரு மீனவக் கிராமத்துக்கு ஓராண்டு முழுவதும் மாதம் தவறாமல் போய்வர முடியும். இந்தப் பணத்தின் பலம் அதுதான். நான் பார்த்த நல்ல திட்டங்கள் எல்லாம் ஒரே ஊரைப் பிடித்துக்கொண்டு விடாமல் போனவை. பத்து ஊரில் பத்துக் கூட்டம் என்று எழுதியவை படம் எடுத்ததோடு முடிந்துபோயின. எனவே யார் விண்ணப்பத்தைக் காட்டினாலும் நான் முதலில் சொல்வது இது: ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், போகும் தடவைகளைக் கூட்டுங்கள்.

பணம் யார் தருவார்கள்?

முதலில் கைக்கெட்டும் தூரத்தில் பாருங்கள். பள்ளி என்றால் தேசிய பசுமைப் படை இருக்கிறது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-02 இல் தொடங்கிய இத்திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. பல பள்ளிகளில் அது மரக்கன்று நடுவதிலேயே செலவாகிறது. அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் உள்ள பள்ளிகூட அப்படிச் செய்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பொறுப்பாசிரியரிடம் பேசி அதைக் கடல் பக்கம் திருப்புங்கள்.

கல்லூரி என்றால் நாட்டு நலப்பணித் திட்டம். 1969 முதல் நடந்துவரும் இத்திட்டத்தில் ஒவ்வோர் அலகும் ஓர் ஊரைத் தத்தெடுக்கிறது. அங்கே ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்த நிதி உண்டு. தத்தெடுக்கும் ஊர் ஒரு மீனவக் கிராமமாக இருந்தால் உங்கள் திட்டத்தின் பாதிச் செலவு அதிலேயே அடங்கிவிடும்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் திறக்கப்பட்டது. ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடற்பசுவைக் காக்கும் பணியின் ஒரு பகுதியாக, இந்திய வனவுயிர் நிறுவனம் அந்த விலங்கு வாழும் கடலோரங்களில் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கியது. பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாக் கரைகளில் இருப்பவர்கள் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் இப்போதைய நிலையைக் கேட்டறியலாம்.

வெளியே போனால், பிரிட்டனின் ரஃபோர்ட் அறக்கட்டளை வளரும் நாடுகளில் இயற்கைப் பாதுகாப்புப் பணிக்குச் சிறு நிதி தருகிறது. தனிநபரும் சிறு குழுவும் விண்ணப்பிக்கலாம். உங்கள் பணியை அறிந்தவர்களின் பரிந்துரை வேண்டும். முதுநிலை மாணவர்களுக்கு ஏற்றது, பள்ளி மாணவர்களுக்கு அல்ல. 1992 இல் தொடங்கிய உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் அமைப்புகளுக்கு மட்டுமே பணம் தரும். உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் விண்ணப்பத்தில் உங்கள் பணி ஓர் அங்கமாக இருக்கலாம். அமெரிக்காவின் போ சீட் அமைப்பு 11 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு உலகளாவிய கலைப் போட்டி நடத்துகிறது. அதில் கிடைப்பது பரிசு, திட்ட நிதி அல்ல. இருந்தாலும் ஓவியமோ கவிதையோ எழுதும் மாணவர்களுக்கு நல்ல தொடக்கம்.

உள்ளூர் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கத்தையும் மறந்துவிடாதீர்கள். இவர்கள் ஒரு பக்கக் கடிதத்திலேயே முடிவெடுத்துவிடுவார்கள்.

நாங்கள் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். எங்கள் பெயரிலேயே பணம் வாங்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. பள்ளி வழியாகவோ ஒரு பதிவு பெற்ற அமைப்பு வழியாகவோதான் வரும். பள்ளி மேலாண்மைக் குழு அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தலாமா என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பணம் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கு வருவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இடமாற்றம் ஆகிவிட்டால் கணக்கும் அவரோடு போய்விடும்.

முடிவெடுப்பது மாணவர்களாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். செலவுப் பதிவேட்டை மாணவர் ஒருவர் எழுத வேண்டும். கையொப்பம் ஆசிரியருடையதாக இருக்கட்டும்.

வெளிநாட்டு அறக்கட்டளை பணம் தர ஒப்புக்கொண்டது. வாங்கிக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். இந்தியாவில் ஒரு சமூக, கல்வித் திட்டத்துக்கு வெளிநாட்டுப் பணம் வாங்க, 2010 ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ தேவை. தெரிந்த தொண்டு நிறுவனம் வாங்கி நம் மன்றத்துக்கு அனுப்பிவிடட்டும் என்ற பழைய வழியும் அடைபட்டுவிட்டது. பதிவு பெற்ற அமைப்பு அந்தப் பணத்தை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றுவதை 2020 திருத்தம் தடை செய்துவிட்டது. அந்த நிறுவனமே திட்டத்தை நடத்தி, செலவையும் அதுவே செய்ய வேண்டும். நீங்கள் அதன் தன்னார்வலர்களாகப் பணியாற்றலாம். விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே ஒரு தணிக்கையாளரிடம் கேளுங்கள். பணம் கணக்கில் வந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது? ‘கடல் மாசு விழிப்புணர்வு’ என்று எழுதினால் போதாதா?

போதாது. அப்படிப்பட்ட விண்ணப்பம் உலகின் எந்தக் கரையிலிருந்தும் வந்திருக்கலாம். உங்கள் கரையில் இருக்கும் ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையில் இருக்கிறீர்களா? 2022 செப்டம்பரில் அங்கே 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா பிழைக்கக் கடற்புல் வேண்டும். கடற்புல் பாசி அல்ல. வேரும் பூவும் உள்ள தாவரம், வெளிச்சம் எட்டும் ஆழமற்ற கடலில் வயல் போலப் படர்வது. விசைப்படகுகள் கடலடியை உரசியபடி இழுத்துப்போகும் வலையான இழுவை மடி அதை வேரோடு பெயர்த்துவிடும். மூங்கில் சட்டங்களில் நாற்றைக் கட்டிக் கடலடியில் இறக்கி அதை மீண்டும் வளர்க்கும் முயற்சிகள் பாக் விரிகுடாவிலேயே நடக்கின்றன. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் ஒதுங்கி வளர்வது இந்தப் புல்வெளியில்தான் என்பதால், இந்தப் பேச்சை எடுத்தால் மீனவர் வீடுகளில் உட்கார வைத்துக் கேட்பார்கள்.

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ என்றால் பங்குனி ஆமை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை காற்றைச் சுவாசிக்கும் உயிர். நீருக்கடியில் இழுவை வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகிறது. வலையில் பொருத்தும் ஆமை விலக்குக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு சிறு மாதிரி செய்து காட்டினால், ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிட அதிகம் புரியும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் 2025 மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியபின், பிளாஸ்டிக் பொருள்கள் செய்யப் பயன்படும் வெள்ளை மணிகள் மூட்டை மூட்டையாகக் கரை சேர்ந்தன. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிந்து மூழ்கியபோது இலங்கையின் மேற்குக் கரை இதே துன்பத்தைப் பட்டது. இந்த மணிகள் மீன் முட்டை போலத் தோன்றும். இரண்டு கரை மாணவர்களும் தங்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொண்டால் அருமையான திட்டமாக இருக்கும். இதுவரை அப்படி ஒரு விண்ணப்பம் என் கைக்கு வரவில்லை.

பிச்சாவரத்துக்கு அலையாத்தி, எண்ணூருக்கு 2023 டிசம்பர் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய், தூத்துக்குடிக்குப் பவளத்திட்டு. ஒவ்வோர் ஊருக்கும் ஒன்று உண்டு.

மீனவர்களுக்கே கடலைப் பற்றி மாணவர்கள் என்ன சொல்லித் தருவது? இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா?

சொல்லித் தருவதற்காகப் போனால் அதிகப்பிரசங்கித்தனம்தான். வாடைக்காற்றும் கச்சானும் திரும்புவதை உடம்பாலேயே அறிந்து வலை விடுகிறவரிடம், ‘கடலை நேசியுங்கள்’ என்று அட்டையைத் தூக்கிப் பிடிப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று யோசித்துப் பாருங்கள். இதை எல்லாக் குழுக்களிடமும் அழுத்திச் சொல்கிறேன். விண்ணப்பங்களில் நான் அதிகம் அடித்துத் திருத்தும் தொடர் ‘மீனவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுதல்’ என்பதே.

உங்களிடம் அவர்களுக்கு உதவும் செய்திகள் சில உண்டு. எந்த உயிர் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, உயிரோடு வலையில் சிக்கினால் யாரை அழைப்பது, விடுவித்தால் வனத்துறை என்ன செய்யும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பைத் தொலைபேசியில் எப்படிப் பெறுவது போன்றவை. அவர்களிடம் உங்களுக்குக் கிடைக்க வேண்டியவை அதைவிடப் பல மடங்கு. முன்பு எந்த மீன் எங்கே கிடைத்தது, எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) இப்போது வலை போடுவதில்லை, ஆமை எந்த மாதத்தில் கரைக்கு நெருங்குகிறது என்பதெல்லாம் பாடநூலில் இல்லை. இரண்டும் கைமாறும் இடமாக உங்கள் கூட்டத்தை வடிவமையுங்கள்.

குஜராத்தில் நடந்ததைக் கேளுங்கள். திமிங்கலச் சுறாவை 2001 இல் அரசு பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்ததே தவிர, கரையில் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. 2004 இல் இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் மாநில வனத்துறையும் ஒரு பரப்புரையைத் தொடங்கின. ராமகதை சொல்லும் மொராரி பாபு அதற்குத் தூதரானார். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைக் கொல்வீர்களா என்று அவர் கேட்டார். அந்த மீனுக்கு அன்புக்குரியவள் என்ற பொருளில் ‘வாலி’ என்று பெயர் சூட்டினார்கள். உண்மை அளவில் காற்று ஊதிய திமிங்கலச் சுறாவை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தெரு நாடகம் நடத்தினார்கள். பிறகு வலையை அறுத்து மீனை விடுவித்தவருக்கு இழப்பீடும் கிடைத்தது. அன்று அந்த மீனைப் பிடித்துக்கொண்டிருந்த மீனவர்களே நூற்றுக்கணக்கில் அதை விடுவித்திருக்கிறார்கள். ஊரின் மனத்தில் ஏற்கெனவே இருந்த பாசத்தைத் தொட்டது ஒன்று, மீனவரின் நட்டத்தை ஈடுசெய்தது இன்னொன்று. இரண்டாவதை மாணவர்களால் தர முடியாது. ஆனால் அது வேண்டும் என்று மீனவரோடு சேர்ந்து கேட்க முடியும்.

நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பாம்பன் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், எந்த நாட்களில் எடுப்பது, எப்போது விட்டுவைப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி, தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் பரிசை 2015 இல் பெற்றார். இப்படிப்பட்டவர்களை உங்கள் கூட்டத்தின் பேச்சாளராக அழையுங்கள், பயணச் செலவையும் மதிப்பூதியத்தையும் நிதியில் எழுதுங்கள்.

இன்னொன்று. ஆமை சாவதற்கும் கடற்புல் அழிவதற்கும் எல்லா மீனவர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள். நாட்டுப்படகுக்காரர் செவுள் வலையும் விசைப்படகின் இழுவை மடியும் ஒன்றல்ல. கரையோரத்தில் விசைப்படகுகள் இழுவை மடி போடுவதைத் தடுக்கும் விதியை நடைமுறைப்படுத்தச் சொல்லி நாட்டுப்படகு மீனவர்களே பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

ஊரிடம் முதலில். சென்னை முதல் நாகப்பட்டினம் வரை பெரும்பாலான மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் முடிவே முடிவு. தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரையில் பங்குத் தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் பாருங்கள். கீழக்கரை, தொண்டி பக்கம் ஜமாத். எங்கே போனாலும் பெண்கள் குழுக்களிடம் தனியாகப் பேசுங்கள்; மீன் கரைக்கு வந்த பிறகு அதைக் கையாள்வது அவர்கள்தாம், ஊர்க் கூட்டத்தில் அவர்கள் குரல் எப்போதும் ஒலிப்பதில்லை. விண்ணப்பம் அனுப்பிய பிறகு ஊரைத் தேடாதீர்கள். ஊர் ஒப்புக்கொண்ட பிறகு விண்ணப்பம் எழுதுங்கள்.

பிறகு அலுவலகங்கள். அரசுப் பள்ளியில் நிகழ்ச்சி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம். கடற்கரையில் என்றால் மீன்வளத்துறை உதவி இயக்குநருக்கும் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் தகவல். ஆமை, ஆவுளியா, பவளம் என்று எது வந்தாலும் வனத்துறை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதிலும் அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது.

எந்த மாதங்களில் நடத்துவது?

கடலின் நாட்காட்டியும் பள்ளியின் நாட்காட்டியும் ஒத்துப்போகாது. விண்ணப்பம் எழுதும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னிக்கொண்டும் படகைப் பழுது பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். உட்கார்ந்து பேச ஆண்டிலேயே சிறந்த காலம் இது. உலகப் பெருங்கடல் நாளான ஜூன் 8 இதற்குள் வருகிறது. கோடை விடுமுறையும் இதே சமயம் என்பதால் மாணவர்களைத் திரட்டுவது கடினம். கல்லூரிக் குழுக்கள் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். வருமானம் இல்லாத காலம் என்பதையும் நினைவில் வைத்து, விருந்து, விழா என்று எதையும் அங்கே நடத்தாதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

ஆமைகள் முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பொதுத்தேர்வும் அப்போதுதான். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை இரவு வேலைக்கு எழுதாதீர்கள். ஒன்பது, பதினொன்று போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். அந்த மாதங்களை வகுப்பறை வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வாரத்தில் எந்த நாள் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். ராமநாதபுரம் பகுதியில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாட்கள் வேறு வேறு. பல கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. ஊரில் கேட்டுக்கொண்டு நாளைக் குறியுங்கள்.

கடற்கரையைச் சுத்தம் செய்யும் நிகழ்ச்சிக்கு நிதி கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் குப்பையை எண்ணி எழுதினால் மட்டும். 1986 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கி, இப்போது செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையில் உலகெங்கும் நடக்கும் பன்னாட்டுக் கடலோரத் தூய்மைப் பணியின் உயிர்நாடியே அந்தப் பதிவுத் தாள்தான். எத்தனை ஷாம்பு பாக்கெட், எத்தனை வலைத்துண்டு, எத்தனை தண்ணீர்ப் பாட்டில் என்று வகைவாரியாக எழுதி, அதை ஊராட்சியிடமோ மாநகராட்சியிடமோ கொடுத்து, குப்பை வரும் கால்வாயைக் காட்டிப் பேசுங்கள். பொறுக்கிய குப்பை எந்த வண்டியில் எங்கே போகிறது என்ற ஏற்பாடும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

கண்காட்சியில் பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் வைக்கலாமா?

கூடவே கூடாது. கடல்குதிரை, கடல் அட்டை, பவளங்கள், சில வகைச் சங்கு, சிப்பிகள் ஆகியவை 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் (பாதுகாப்பு) சட்டத்தின் பட்டியல்களில் உள்ளன. செத்துக் கரையில் கிடந்தது என்றாலும், தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருந்தது என்றாலும், எடுத்துப் போய் மேசையில் வைக்காதீர்கள். ராமேஸ்வரம் கடைகளில் விற்கிறார்களே என்பதும் பதில் ஆகாது. நல்ல நோக்கத்தோடு வந்த மாணவர்கள் வழக்கில் மாட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனமில்லை. படம், களிமண் மாதிரி, துணிப் பொம்மை போதும். உண்மையானதைக் காட்ட வேண்டுமானால் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களுக்கு அனுமதி பெற்று அழைத்துப் போங்கள். பேருந்துக் கட்டணத்தை நிதியில் கேளுங்கள்.

பவளத்தை அள்ளியதால் என்ன ஆனது என்பதே ஒரு முழு வகுப்புக்கான பாடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. கட்டுமானத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளத்தை வெட்டியெடுத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

நாங்களே ஆமை நடை நடத்தலாமா?

தனியாக நடத்த முடியாது. முட்டையைத் தொடவே வனத்துறையின் அனுமதி வேண்டும். சென்னையில் 1970-களில் தொடங்கிய ஆமை நடையை 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு தொடர்ந்து நடத்தி வருகிறது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, கூடுகளைக் கண்டறிந்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். தலைமுறைக்குத் தலைமுறை மாணவர்கள் கைமாற்றி வந்த பணி இது. மாணவர்களால் என்ன முடியும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். இதுபோல் அனுமதி பெற்று நடக்கும் குழுவோடு சேருங்கள். உங்கள் நிதியில் விளக்குகளைப் பற்றிய பணியைச் செய்யுங்கள். கூட்டிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம் நகரும். கரையில் எரியும் விளக்குகள் அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடும். அந்த மாதங்களில் இரவில் விளக்கை அணைக்கச் சொல்லிக் கடற்கரை வீடுகளிலும் உணவகங்களிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பேசுவது மாணவர்களுக்கு மிகவும் பொருந்தும் வேலை.

வரவு செலவுத் திட்டத்தை எப்படி எழுதுவது?

25,000 ரூபாய் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதியளவு போக்குவரத்துக்குப் போகட்டும். ஊருக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் திட்டம் என்றால் அதுதான் பெரிய செலவாக இருக்க வேண்டும். அடுத்தது ஊர்க்காரர்களுக்கான மதிப்பூதியம். உங்களோடு அரை நாள் இருக்கும் மீனவர் அன்றைய வருமானத்தை இழக்கிறார். அவருக்குச் சால்வை போர்த்தி அனுப்புவது நியாயம் இல்லை, பணமாகக் கொடுங்கள். மீதி தேநீர், சிற்றுண்டி, அச்சு, கையுறை, முதலுதவிப் பெட்டி. எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு.

டி-ஷர்ட்டும் கேடயமும் வேண்டாம். ஃப்ளெக்ஸ் பேனரும் வேண்டாம். கடல் பிளாஸ்டிக் பற்றிப் பேசப் போகும் இடத்துக்கு அதையே கொண்டுபோகாதீர்கள். துணியில் எழுதினால் எல்லாக் கூட்டத்துக்கும் ஒன்றே ஆகும்.

தேநீர்க் கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் ரசீது கிடைக்காது. இப்படிப்பட்ட செலவுக்குக் கையொப்பமிட்ட செலவுச் சீட்டை ஏற்பார்களா என்று நிதி தருபவரிடம் முதலிலேயே எழுதிக் கேட்டு, அந்தப் பதிலைக் கோப்பில் வையுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இறுதிக் கணக்கில் குழுக்கள் அழுவது இதற்காகத்தான்.

பயன் விளைந்தது என்று எப்படிக் காட்டுவது?

‘500 பேர் கலந்துகொண்டனர்’ என்பது பயன் அல்ல, வருகைப் பதிவு. தொடக்கத்தில் ஐந்து கேள்விகள் கேளுங்கள், ஓராண்டு கழித்து அதே ஐந்தைக் கேளுங்கள். செத்த ஆமையைப் பார்த்து எத்தனை பேர் வனத்துறையை அழைத்தார்கள், எத்தனை கட்டடங்களில் விளக்கு அணைந்தது, எத்தனை மாணவர்கள் தங்கள் தெருவில் தாங்களே கூட்டம் நடத்தினார்கள் என்று எழுதுங்கள். சொன்னது நடக்கவில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். பொறுப்பான நிதியாளர்கள் அதை மதிப்பார்கள்.

கடலை அசுத்தப்படுத்தும் நிறுவனமே நிதி தர முன்வந்தால்?

2013 நிறுவனச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பதால் இப்படி வாய்ப்புகள் வரும். என் நிலைப்பாடு தெளிவானது. நீங்கள் போகும் ஊர் மக்கள் எந்த ஆலைக்கோ துறைமுகத்துக்கோ எதிராக நிற்கிறார்களோ, அதன் பணத்தோடு அந்த ஊருக்குள் போகாதீர்கள். அதன் சின்னம் போட்ட ஒரு தொப்பி போதும், அதன்பின் உங்களிடம் யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள்.

விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாமா?

உள்ளூர்ச் சங்கங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதுங்கள். வெளிநாட்டு அமைப்புகள் ஆங்கிலத்தில் கேட்கும். அப்போதும் முதல் வரைவைத் தமிழில் எழுதி, ஊர்ப் பஞ்சாயத்தில் படித்துக் காட்டிவிட்டு, பிறகு மொழிபெயருங்கள். ஊரில் படித்துக் காட்டக் கூச்சமாக இருக்கும் வரிகளை நீக்கிவிடுங்கள்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

யாரும் கடலில் இறங்கக் கூடாது. கணுக்கால் அளவு நீர் என்றாலும் கூடாது. நம் கரைகளில் நீரோட்டம் நொடியில் இழுத்துவிடும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், மாணவியர் வந்தால் ஆசிரியை ஒருவர், குழுவில் எப்போதும் உள்ளூர் மீனவர் ஒருவர். வெறும் கையால் எண்ணெய்க் கசடையோ பிளாஸ்டிக் மணிகளையோ தொட வேண்டாம். மீனவக் குழந்தைகளின் படத்தைப் பெற்றோரிடம் கேட்காமல் எங்கும் வெளியிடாதீர்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்?

காரணம் கேட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். பலர் பதில் தருவார்கள். அதே திட்டத்தைப் பாதிச் செலவில் நடத்த முடியுமா என்று பாருங்கள். ஊருக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தால், பணம் வராவிட்டாலும் ஒருமுறை போய்த் தகவலைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

திட்டம் முடிந்து பணம் மிஞ்சினால் என்ன செய்வது?

நிதியாளருக்குத் தெரிவிக்காமல் செலவழிக்காதீர்கள். மிச்சத்தை எதற்குப் பயன்படுத்த விரும்புகிறீர்கள் என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். நான் பரிந்துரைப்பது ஒன்றுதான்: அடுத்த ஆண்டு மாணவர்களை அந்த ஊருக்கு அழைத்துப்போய் ஊர்ப் பெரியவர்களிடம் அறிமுகப்படுத்தும் ஒரு பயணம். பழைய குழு தேர்ச்சி பெற்று வெளியேறுவதற்கு முன், மார்ச் மாதத் தேர்வு தொடங்கும் முன்பே அதை முடித்துவிடுங்கள். பதிவேடு, தொலைபேசி எண்கள், துணிப் பேனர் மூன்றையும் அப்போதே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.